வீட்டுப் பார்ட்டியில் மது: அமெரிக்காவில் எந்தக் காப்பீடு கைகொடுக்கும், எது கைவிடும்?

நியூ ஜெர்சியின் எடிசனிலோ டெக்சஸின் ஃப்ரிஸ்கோவிலோ கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ தீபாவளிக்கு நாற்பது பேரை வீட்டுக்கு அழைப்பவர், சாப்பாட்டுக்கும் வாடகை நாற்காலிக்கும் கணக்குப் போடுவார். மேசையில் வைக்கிற நான்கு விஸ்கி பாட்டிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குடித்துவிட்டுக் கிளம்பிய விருந்தாளி வழியில் யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவரின் வக்கீல் முதலில் ஓட்டியவரின் கார் இன்ஷ்யூரன்ஸைப் பார்ப்பார். பல மாநிலங்களில் கட்டாயக் கார் இன்ஷ்யூரன்ஸின் குறைந்தபட்ச வரம்பு மிகச் சிறியது; முதுகெலும்பு அறுவை சிகிச்சை ஒன்றுக்கே அது காணாது. அடுத்து அவர் கேட்பது, ‘இவருக்கு ஊற்றிக் கொடுத்தது யார்?’

இதற்கு முன்னேற்பாடு செய்ய நினைப்பவருக்கு ஆறு வழிகள் இருக்கின்றன: இருக்கிற வீட்டுப் பாலிசியை நம்புவது, அதன் வரம்பு தீர்ந்தபின் கைகொடுக்கும் அம்ப்ரெல்லா பாலிசியை அதன் மேல் எடுப்பது, ஒருநாள் நிகழ்ச்சிப் பாலிசி வாங்குவது, காப்பீடு உள்ள கேட்டரரையோ (சமையல் ஒப்பந்தக்காரர்) பார்டெண்டரையோ (மது ஊற்றித் தருபவர்) அமர்த்துவது, பார்ட்டியை உணவகத்துக்கு மாற்றுவது, அவரவர் பாட்டிலை அவரவரே கொண்டுவரச் சொல்வது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது விருந்து வைக்கிற வீட்டுக்கு அம்ப்ரெல்லாவும் பார்டெண்டரும் சேர்ந்ததுதான் சரி. விருந்தாளிகளில், சட்டப்படி குடிக்கத் தேவையான 21 வயது ஆகாத கல்லூரிப் பிள்ளைகள் கணிசமாக இருந்தால் உணவகம். ஃபிரட்டர்னிட்டி (கல்லூரி ஆண் மாணவர்களின் சகோதரச் சங்கம்) என்றால் மது விற்க உரிமம் பெற்ற வெளி வியாபாரி, இல்லையேல் மதுவே இல்லாத வீடு.

முதலில் மாநிலத்தைப் பாருங்கள்

வீட்டில் இலவசமாக மது கொடுத்தவரின் பொறுப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம்மவர்கள் அதிகம் வாழும் மூன்று மாநிலங்களை எடுத்துக்கொண்டால் நியூ ஜெர்சிதான் கடுமை. 1984-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வீட்டுக்காரர் விருந்தாளியைக் கார்வரை கொண்டுபோய் விட்டு, அவர் ஓட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டியவர் எதிரே வந்த காரில் நேருக்கு நேர் மோதினார். குடித்தது இரண்டு மூன்று ஸ்காட்ச் என்றார்கள். ரத்தப் பரிசோதனை 0.286 சதவீத ஆல்கஹாலைக் காட்டியது. பதின்மூன்று டிரிங்க் அளவுக்கு உள்ளே போயிருக்கிறது என்றார் நிபுணர். பார்த்தாலே போதை தெரிகிற ஒருவருக்கு, அவர் வண்டி ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரர், அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பொறுப்பாவார் என்று நீதிமன்றம் சொன்னது.

பின்னர் அம்மாநிலச் சட்டமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அந்த விருந்தாளிக்குப் பார்வைக்குத் தெரியும் போதை இல்லை என்றே சட்டம் கொள்ளும். வீட்டுக்காரர் தன் பங்குத் தவறுக்கான சதவீதத்தை மட்டும் கொடுத்தால் போதும். குடித்து அடிபட்ட வயதுவந்தவரே வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனாலும் அடிப்படைப் பொறுப்பு இன்றும் நிற்கிறது. ‘அண்ணா, இன்னும் ஒன்னே ஒன்னு’ என்று தடுமாறுகிறவர் கையில் கிளாஸைத் திணிக்கிற நம் உபசாரம் நியூ ஜெர்சியில் நேராக இந்தச் சட்டத்தின் வாயில் போய் விழுகிறது.

கலிபோர்னியாவில் 21 தாண்டிய விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரர் மேல் வழக்கு நிற்காது. 2011 முதல் ஒரு விலக்கு: 21 ஆகாதவர் என்று தெரிந்தே தன் வீட்டில் மது கொடுத்த வயதுவந்தவர் மேல் வழக்குப் போடலாம். டெக்சஸிலும் 1993 தீர்ப்புப்படி வயதுவந்த விருந்தாளிக்காக வீட்டுக்காரர் பொறுப்பில்லை. 2005-க்குப் பிறகு, 18 ஆகாத பிறத்தியார் பிள்ளைக்குக் கொடுத்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு உண்டு. 18-க்கும் 21-க்கும் நடுவில் இருப்பவருக்குக் கொடுப்பது அங்கே கிரிமினல் குற்றம்: 4,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. நியூயார்க்கில் 21 ஆகாதவருக்குக் கொடுத்தவர் மேல் தனிச் சட்டமே இருக்கிறது.

ஆகவே எந்த மாநிலமானாலும் வயதுதான் பெரிய கோடு. இரண்டாவது கோடு பணம். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்த்த வழக்கில், ஒரு பெண் பெற்றோரின் காலி வீட்டில் பார்ட்டி வைத்து, அறிமுகமில்லாதவர்களிடம் வாசலில் 3 முதல் 5 டாலர் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். அப்படி வந்த ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதில் இன்னொரு விருந்தாளி இறந்தார். அந்த 3 டாலரே மதுவை ‘விற்றதாக’ ஆகும் என்றது நீதிமன்றம். வீட்டுக்காரருக்கு இருந்த சட்டக் கவசம் அதோடு போய்விட்டது.

வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியில் ஆளுக்கு 20 டாலர் வசூலித்து காஸ்ட்கோ கடையில் சரக்கு வாங்குகிற வழக்கத்தை இந்தக் காரணத்துக்காகவே விடச் சொல்கிறோம். சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மதுவுக்குக் காசு வாங்காதீர்கள். தமிழ்ச் சங்கம் 40 டாலர் டிக்கெட்டில் சாப்பாட்டோடு இரண்டு டிரிங்கும் சேர்த்துக் கொடுத்தால் அதுவும் விற்பனையாகவே பார்க்கப்படும். அதற்கு மாநில மதுத்துறையின் ஒருநாள் அனுமதி வேண்டும், விற்பவருக்கான லிக்கர் லயபிலிட்டி (மதுவால் வரும் நஷ்டஈட்டுப் பொறுப்பு) பாலிசியும் வேண்டும். வீட்டு விருந்துக்கான ஹோஸ்ட் லிக்கர் காப்பு அங்கே செல்லாது.

இருக்கிற வீட்டுப் பாலிசி மட்டும்

பெரும்பாலோர் தெரியாமலே தேர்ந்தெடுத்திருக்கும் வழி இது. வழக்கமான ஹோம்ஓனர்ஸ் (சொந்த வீட்டுக்காரர்) பாலிசியில் ‘கவரேஜ் இ’ என்ற தனிநபர் லயபிலிட்டிப் பகுதி உண்டு. பல பாலிசிகளில் அது 1,00,000 டாலரில் தொடங்கும். வருடத்துக்குச் சில பத்து டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 3,00,000 அல்லது 5,00,000 ஆக்கிக்கொள்ளலாம். மதுவுக்கென்று தனி விலக்கு (இதற்குக் காப்பு இல்லை என்கிற பிரிவு) பொதுவாக இல்லாததால், விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுத்த பொறுப்பும் அதற்குள் வரும் என்பதே சாதாரணப் புரிதல். வக்கீல் செலவையும் நிறுவனமே ஏற்கும். பெரும்பாலும் அது வரம்புத் தொகைக்கு வெளியே. அடிபட்டவருக்கு உடனடி மருத்துவச் செலவாக 1,000 முதல் 5,000 டாலர் வரை தருகிற ‘கவரேஜ் எஃப்’ தனியாக உண்டு. மாடிப்படியில் தடுக்கி விழுந்த மாமாவின் அவசரச் சிகிச்சை பில்லுக்கு அது உதவும்.

சிக்கல் விலக்குகளில் இருக்கிறது. முதலில் படிக்க வேண்டியது மோட்டார் வாகன விலக்கு. பல பாலிசிகளின் விளக்கப் பகுதியில், சாலைப் பதிவு பெற்ற வாகனத்தை ‘எவர்’ ஓட்டியதால் வந்த பொறுப்பானாலும் விலக்கு என்கிற மாதிரி எழுதியிருக்கும். உங்கள் கார் இல்லை, உங்கள் டிரைவர் இல்லை. ஆனாலும் விருந்தாளி ஓட்டிய கார்தானே விபத்துக்குக் காரணம் என்று நிறுவனம் வாதாட இடமிருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்த வரி ‘காப்பீடு பெற்றவர் ஓட்டிய’ என்று இருக்கிறதா, ‘எவரும் ஓட்டிய’ என்று இருக்கிறதா என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி.

அடுத்தது தொழில் விலக்கு. காசு வாங்கினால் அது தலைதூக்கும். மூன்றாவது, சில பாலிசிகளில் உள்ள கிரிமினல் செயல் விலக்கு. 19 வயதுப் பையனுக்குத் தெரிந்தே பீர் கொடுத்தால் பாலிசி இருந்தும் இல்லாத கதைதான். நான்காவது, வீட்டிலேயே வசிக்கும் உறவினருக்கு அடிபட்டால் இந்தப் பகுதி கொடுக்காது.

ஏஜென்ட்டிடம் போனில் கேட்டு, ‘கவலைப்படாதீங்க, எல்லாம் கவர் ஆகும்’ என்ற பதிலோடு நிற்காதீர்கள். மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒன்று: என் வீட்டில் இலவசமாக மது அருந்திய விருந்தாளி தன் சொந்தக் காரை ஓட்டி மூன்றாம் நபரைக் காயப்படுத்தி, அந்த நபர் என் மேல் வழக்குப் போட்டால், மோட்டார் வாகன விலக்கு பொருந்துமா? இரண்டு: பொருந்தாது என்றால் பாலிசியின் எந்தப் பக்கம், எந்த வரி அதைச் சொல்கிறது? மூன்று: என் அம்ப்ரெல்லா இதே விலக்கைப் பின்பற்றுகிறதா, தனக்கென்று வேறு வாசகம் வைத்திருக்கிறதா? எழுத்தில் வந்த பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

வாடகை அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு ரென்டர்ஸ் பாலிசி இதே வேலையைச் செய்யும். மாதம் ஏறத்தாழ 15 முதல் 20 டாலர், லயபிலிட்டி பெரும்பாலும் 1,00,000. அறைத்தோழர்களாக நால்வர் சேர்ந்து இருக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருவர் எடுத்த பாலிசி, அதில் பெயர் சேர்க்காத மற்ற மூவரைக் காக்காது.

அம்ப்ரெல்லா

ஹோம்ஓனர்ஸ், கார் பாலிசிகளின் வரம்பு தீர்ந்த பிறகு மேலே நிற்பது இது. முதல் மில்லியன் டாலருக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 400 டாலர். அடுத்த மில்லியன் அதைவிட மலிவு. வருடம் முழுக்க நிற்பதால், மூன்று விருந்துக்கு மூன்று ஒருநாள் பாலிசி வாங்குவதைவிட இதுவே லாபம். நீச்சல்குளம், நாய், புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளை என்று மற்ற அபாயங்களுக்கும் சேர்த்தே நிற்கும்.

கோட்டைவிடுகிற இடம் அடிப்படை வரம்பு. அம்ப்ரெல்லா நிறுவனம் பொதுவாக வீட்டுப் பாலிசியில் 3,00,000-உம், காரில் ஒருவருக்கு 2,50,000, ஒரு விபத்துக்கு 5,00,000-உம் வைத்திருக்கச் சொல்லும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ஒருவர் வீட்டு வரம்பை 1,00,000-க்கு இறக்கிவிட்டால், இடையில் விழுந்த 2,00,000 டாலரை அவரே தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வேறு நிறுவனத்துக்கு மாறும்போது இது அடிக்கடி நடக்கிறது. புதிய ஏஜென்ட்டிடம் அம்ப்ரெல்லாவைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

கீழே உள்ள பாலிசியில் இல்லாத காப்பை மேலே உள்ளது தரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பல அம்ப்ரெல்லாக்கள் அடிப்படைப் பாலிசியின் விலக்குகளை அப்படியே பின்தொடரும். மேலே சொன்ன மூன்றாவது கேள்வி அதற்காகத்தான்.

ஒருநாள் நிகழ்ச்சிப் பாலிசி

திருமண மண்டபம், பூங்கா, சமூகக் கூடம் ஆகியவற்றை வாடகைக்கு எடுக்கும்போது மண்டபக்காரர் கேட்பது இதைத்தான். ஒரு மில்லியன் லயபிலிட்டியும் ஹோஸ்ட் லிக்கர் காப்பும் சேர்ந்து, விருந்தாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறத்தாழ 100 முதல் 300 டாலர். வாடகை இடத்துக்கு இது நல்ல தேர்வு. சொந்த வீட்டுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்: தனியார் வீட்டை ஏற்காத நிறுவனங்கள் உண்டு, ஏற்றாலும் வீட்டுப் பாலிசி ஏற்கெனவே தருவதோடு பெரும்பகுதி ஒத்துப்போகும். ஃபிரட்டர்னிட்டி நிகழ்ச்சிகளைத் தகுதியற்றவை என்று பல நிறுவனங்கள் விண்ணப்பத்திலேயே தள்ளிவிடுகின்றன. ‘பிறந்தநாள் விழா’ என்று மாற்றி எழுதி வாங்கினால், க்ளெய்ம் வரும் நாளில் பாலிசியே செல்லாமல் போகும்.

பார்டெண்டர், கேட்டரர்

மற்ற பாலிசிகள் விபத்துக்குப் பிறகு பேசுபவை. இது ஒன்றுதான் விபத்தையே குறைக்கிறது. விருந்தாளியின் நண்பர் அல்லாத ஒருவர் அளந்து ஊற்றும்போது, ‘போதும் சார், தண்ணி குடிங்க’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. வீட்டுக்காரரால் மைத்துனரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

அளவு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் ஆல்கஹால்: 5 சதவீத பீர் 355 மில்லி, 12 சதவீத ஒயின் 148 மில்லி, 40 சதவீத விஸ்கி 44 மில்லி. நம் ஊர் ‘லார்ஜ்’ 60 மில்லி. ஆக மூன்று லார்ஜ் குடித்தவர் நான்கு டிரிங்க் குடித்திருக்கிறார். அளவு பார்க்காமல் கிளாஸில் சாய்த்தால் 80, 90 மில்லி சாதாரணமாக விழும். அப்போது மூன்று கிளாஸிலேயே ஆறு டிரிங்க் ஆகிவிடும். உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு டிரிங்கைத்தான் கரைக்கும். காபியும் குளிர்ந்த நீரும் அதை விரைவுபடுத்தாது. ஒரு 750 மில்லி பாட்டிலில் 17 டிரிங்க் இருக்கிறது என்பதை வைத்தே எத்தனை பாட்டில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். குடிப்பவர் இருபது பேர், பரிமாறுவது மூன்று மணி நேரம் என்றால் 60 டிரிங்க் போதும். பாதி பீரும் ஒயினும் என்றால் விஸ்கி இரண்டு பாட்டில், அவ்வளவுதான்.

அமர்த்தும்போது மூன்று நான்கு வாரம் முன்பே காப்பீட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். அக்கார்டு 25 என்ற ஒற்றைப் பக்கப் படிவமாக வரும். அதில் ஜெனரல் லயபிலிட்டி வரி மட்டும் இருந்தால் போதாது. மது ஊற்றுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஜெனரல் லயபிலிட்டியில் மது விலக்கு உண்டு. ‘லிக்கர் லயபிலிட்டி’ என்று தனி வரி, ஒரு மில்லியன் வரம்பு, உங்கள் விருந்து நாளைத் தாண்டிய காலாவதித் தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உங்களை ‘அடிஷனல் இன்ஷ்யூர்டு’ (அதே பாலிசியில் கூடுதலாகக் காப்பு பெறுபவர்) ஆகச் சேர்த்த எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) பக்கத்தையும் வாங்குங்கள். சான்றிதழில் பெயர் அச்சாகியிருப்பது தகவலுக்குத்தான். உரிமை தருவது எண்டார்ஸ்மென்ட். படிவத்தின் இடது மேற்புறத்தில் உள்ள ஏஜென்சிக்குப் போன் செய்து, பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

தெரிந்த பையன் ஒருவன் நூறு டாலருக்கு வந்து ஊற்றித் தருவான் என்றால் அவனுக்கு எந்தக் காப்பும் இருக்காது. அவன் செய்யும் தவறும், கண்ணாடி வெட்டி அவனுக்கு ஏற்படும் காயமும் உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

உணவகமும், அவரவர் பாட்டிலும்

உணவகத்தில் விற்பவர் உரிமக்காரர். போதை தெளிவாகத் தெரிகிறவருக்கு விற்றால் மாட்டுவது முதலில் அவர்தான். அடையாள அட்டை பார்ப்பதும் அவர் வேலை. செலவு கூடும். தனி அறை ஒப்பந்தத்தில், விருந்தாளிகளால் வரும் எல்லா நஷ்டத்துக்கும் நீங்களே பொறுப்பேற்பதாக ஒரு பத்தி இருந்தால், மதுப் பரிமாற்றத்தை அதிலிருந்து நீக்கச் சொல்லிக் கேளுங்கள். திறந்த பில்லுக்குப் பதில் ஆளுக்கு இரண்டு டோக்கன் கொடுங்கள்.

அவரவர் பாட்டிலைக் கொண்டுவரும் முறையில் நீங்கள் மதுவைக் ‘கொடுத்தவர்’ ஆவதில்லை. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2012-இல், மதுவைத் தானே கொடுக்காத வீட்டுக்காரர் மேல் பொறுப்பை நீட்ட மறுத்தது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. வந்த பாட்டில்கள் எல்லாம் ஒரே மேசையில் சேரும், வீட்டுக்காரரே எல்லாருக்கும் ஊற்றுவார்; அந்த நொடியே இந்த வழியின் பயன் தீர்ந்தது. கராஜ் ஃபிரிட்ஜில் மிஞ்சிய பீரைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஃபிரிட்ஜைப் பூட்டுங்கள்.

ஃபிரட்டர்னிட்டியில் கணக்கே வேறு

இந்தியாவிலிருந்து முதுகலைக்கு வருபவர்களைவிட, இங்கே பிறந்து இளங்கலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது நேரடி விஷயம். வீட்டை விட்டுக் கல்லூரிக்குப் போன, 24 வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவர் வழக்கமான ஹோம்ஓனர்ஸ் பாலிசியில் காப்பீடு பெற்றவராகவே தொடர்கிறார். மகன் சாப்டரின், அதாவது ஃபிரட்டர்னிட்டியின் அந்தக் கல்லூரிக் கிளையின், பார்ட்டிப் பொறுப்பாளராக இருந்து பார்ட்டி விபரீதமானால், வழக்கு பெற்றோரின் பாலிசியைத் தேடி வரும் வழி இதுதான்.

ஃபிரட்டர்னிட்டியின் தேசியத் தலைமை எடுத்துள்ள பாலிசி இருக்கிறதே என்பார்கள். அது விதிகளைப் பின்பற்றியவரைக் காக்கும், மீறியவரைக் கைவிடக்கூடும். ஃபிரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பான வட அமெரிக்க இன்டர்ஃபிரட்டர்னிட்டி மாநாட்டின் உறுப்பினர்கள் 2019 செப்டம்பர் 1 முதல், 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவைச் சாப்டர் வீட்டிலும் நிகழ்ச்சியிலும் தடை செய்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற வெளி வியாபாரி பரிமாறினால் மட்டும் விலக்கு. சாப்டர் நிதியில் மது வாங்கக் கூடாது, மதுவுக்காகப் பணம் திரட்டக் கூடாது, கெக் (பெரிய பீர் பீப்பாய்) கூடாது, அழைப்புப் பட்டியல் இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்பவையும் பரவலான விதிகள். ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஓட்கா ஊற்றிய உறுப்பினர், தன் தேசியப் பாலிசியைத் தானே விலக்கிக்கொண்டவர் ஆகிறார்.

இங்கே அவரவர் பாட்டில் முறை தாளில் நன்றாக இருக்கும். 21 தாண்டியவருக்கு 12 அவுன்ஸ் பீர் ஆறு, வாசலில் வாங்கிப் பெயர் எழுதி, கைப்பட்டை கட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பித் தர வேண்டும். அதைச் செய்யக் குடிக்காத உறுப்பினர்கள் ஐந்தாறு பேர் இரவு முழுக்க நிற்க வேண்டும். பதினொரு மணிக்கு அந்த மேசையில் ஆளில்லாமல் போவதும், பீர் எல்லாம் பொதுவாகிவிடுவதும் சர்வ சாதாரணம். வெளி வியாபாரியை வைத்து, ஒவ்வொருவரும் தன் மதுவுக்குத் தானே காசு கொடுக்கும் முறையே பிழைக்கிறது. ஃபை டெல்டா தீட்டா என்ற ஃபிரட்டர்னிட்டி 2000-இல் தன் சாப்டர் வீடுகளில் மதுவையே நிறுத்தியது. காப்பீட்டுக் கண்ணோட்டத்தில் அதைவிட உறுதியான ஏற்பாடு வேறில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது: அம்ப்ரெல்லாவில் பிள்ளை காப்பீடு பெற்றவராக இருக்கிறாரா என்று பாருங்கள். பகுதிநேரப் படிப்புக்கு மாறினாலோ 24 ஆனாலோ அந்த இடம் போய்விடும். அன்றே அவர் பெயரில் ரென்டர்ஸ் பாலிசி எடுங்கள். வளாகத்துக்கு வெளியே நான்கைந்து உறுப்பினர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் பார்ட்டி நடந்தால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அத்தனை பேரும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள்.

விருந்தன்று, அதன் பிறகு

முடிவு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மதுவை எடுத்துவிடுங்கள். சாப்பாட்டை அதற்கு முன்பே தொடங்குங்கள். ஊபர் குறியீடு ஒன்றை விருந்துக்கென எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். இருவருக்காவது படுக்கை தயாராக இருக்கட்டும். ஒருவர் எழுப்பியும் எழவில்லை, மூச்சு தாறுமாறாக இருக்கிறது என்றால் 911. பல மாநிலங்களில் உதவிக்கு அழைத்த 21 ஆகாதவரைக் குடித்ததற்காகத் தண்டிக்காத சட்டம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

விபத்து நடந்ததாகத் தெரிந்தால், வழக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாமதமாகச் சொன்னதையே காரணமாக்கி நிறுவனம் கைகழுவப் பார்க்கும்; வீட்டுப் பாலிசி, அம்ப்ரெல்லா இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியே எழுத்தில் தெரிவியுங்கள். அடிபட்டவர் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகலாம், ‘எங்க தப்புதான், செலவை நாங்க பாத்துக்கறோம்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அழைப்புப் பட்டியல், மது வாங்கிய ரசீது, பார்டெண்டரின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். அன்றைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியையும் ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரியவந்தால், அதில் இருந்ததைவிட அழித்ததே நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக அதிகம் பேசும்.